காகிதத்துல எழுதுற சி புரோகிராம்

ஆலங்குளத்துல இருந்து சனிக்கிழமை ஆனா பஸ் ஏறி, பக்கத்துல ஒரு காலேஜுல பகுதிநேரமா சி புரோகிராமிங் சொல்லித் தர்றேன். அங்க ஒரு பையன். லூப் எப்படி ஓடும்னு கேட்டா கடகடன்னு வாயாலேயே சொல்லிடுவான். தாள்ல எழுதச் சொன்னா பி, டி ஆயிடும். எழுத்தெல்லாம் இடம் மாறிடும். சோம்பேறின்னு நெனச்சு நானே மார்க்கைக் குறைச்சிருக்கேன். போன வருஷம் மதுரையில சோதிச்சப்பத்தான் டிஸ்லெக்ஸியான்னு தெரிஞ்சது. அதுக்குள்ள அவனுக்கு வயசு பத்தொன்பது!

சென்னையில மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1991லயே ஆரம்பிச்சாச்சு. 1995 சட்டத்துல இல்லாத கற்றல் குறைபாட்டை, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையில ஒண்ணா சேர்த்துடுச்சு. ஆனா இவனுக்குப் பள்ளிக்கூடத்துல கெடச்சது 'மக்கு'ங்கற பட்டமும் கடைசி பெஞ்சும்தான்.

இப்ப பரீட்சையில கூடுதல் நேரம் கேட்டா, "மத்த பசங்களுக்கு அநியாயம் இல்லையா சார்?"னு கேக்கறாங்க. ஏங்க, நம்ம ஆபீஸ்ல யாரு காகிதத்துல கோட் எழுதறா? பாதி வார்த்தை தட்டினா மீதியை எடிட்டர் நிரப்புது. தப்பு வந்தா சிவப்புக் கோடு போட்டுக் காட்டுது. அதையெல்லாம் யாராவது சலுகைன்னு சொல்றோமா?

இப்பல்லாம் என் வகுப்புத் தேர்வை லேப்ல கம்ப்யூட்டர்லயே வெக்கறேன். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்கறதில்ல; லாஜிக்கை வாயால சொல்லச் சொல்லியும் கேட்டுக்கறேன். பாவம் பார்த்து ஒரு மார்க்கும் போடல. அவனுக்குத் தெரிஞ்சதுக்குத்தான் போடறேன். முதல்லயே இப்படிச் செஞ்சிருக்கணும்.