எஃகு விலை ஏற்ற இறக்கம்: 18 மாதத்துக்கு உட்பட்ட ஒப்பந்தங்களிலும் விலை மாறுபாட்டு விதியை அனுமதிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: துவாக்குடி வட்டாரச் சிறு, குறு ஃபேப்ரிகேஷன் கூடங்களின் சங்கத்தார், திருச்சிராப்பள்ளி மாவட்டம்.

பெறுநர்: செயலாளர் அவர்கள், செலவினத் துறை, நிதி அமைச்சகம், புது தில்லி.
(வழி: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருச்சிராப்பள்ளி)

பார்வை: பொது நிதி விதிகள் 2017, விதி 225.

மதிப்புக்குரிய ஐயா / அம்மையீர்,

ஆங்கிள், சேனல், பிளேட் வாங்கி, வெட்டி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் தொழில். கோப்புகளில் எஃகு என்று எழுதப்படுவதை நாங்கள் கடையில் இரும்பு என்றுதான் கேட்கிறோம். கடைக்காரர் தரும் கொட்டேஷனின் அடியில் 'இன்றைய விலை மட்டும்' என்று ஒரு வரி இருக்கும். அதே விலையை வைத்து நாங்கள் போடும் டெண்டர் 90 நாளோ 120 நாளோ செல்லுபடியாக வேண்டும். வேலை கிடைத்தால் அது முடியும் வரை அந்த விலைக்கே கட்டுப்பட வேண்டும். ஒரு நாள் நிற்கும் விலைக்கும் ஓராண்டு நிற்க வேண்டிய விலைக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை இன்று சிறு கூடங்களே நிரப்பிக்கொண்டிருக்கின்றன. அது ஏன் முறையாகாது என்பதை விளக்கவே இம்மனு.

விலை ஒரே இடத்தில் நிற்காததன் காரணம் மூலப்பொருளிலேயே தொடங்குகிறது. ஊது உலை வழியில் ஒரு டன் எஃகு செய்ய ஏறத்தாழ ஒன்றரை டன் இரும்புத்தாதும் முக்கால் டன்னுக்குச் சற்றுக் கூடுதலாகக் கோக்கிங் நிலக்கரியும் வேண்டும். தாது நம் நாட்டிலேயே கிடைக்கிறது. கோக்கிங் நிலக்கரியில் மிகப் பெரும்பகுதி கப்பலில் வருகிறது, அதிலும் முக்கியமாக ஆஸ்திரேலியாவிலிருந்து. 2017இல் டெபி புயல் குயின்ஸ்லாந்தின் ரயில் பாதைகளை முடக்கியபோது அந்த நிலக்கரியின் விலை சில நாட்களில் எகிறியது. 2019 ஜனவரியில் பிரேசிலின் புருமாடின்யோவில் அணை உடைந்ததும் உலகச் சந்தையில் தாது விலை ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்க, அடுத்த மாதமே கோக்கிங் நிலக்கரி டன்னுக்கு 600 டாலரைத் தாண்டியது. செலவுப் பக்கம் இப்படி என்றால், விற்பனைப் பக்கத்தில் சீனா நிற்கிறது. உலக எஃகில் பாதிக்கு மேல் அங்கேதான் உற்பத்தியாகிறது. அங்கே வீடு கட்டும் தொழில் படுத்ததும் மிஞ்சிய சரக்கு வெளியே பாய்ந்தது. 2024இல் சீனாவின் எஃகு ஏற்றுமதி 11 கோடி டன்னைக் கடந்தது. சீனச் சரக்கு நம் துறைமுகத்தில் வந்து இறங்கும் விலை, அதாவது கப்பல் கூலி, டாலர் மதிப்பு, சுங்க வரி எல்லாம் சேர்ந்த விலை எதுவோ, அதை ஒட்டித்தான் நம் ஆலைகளும் தகட்டு எஃகுக்கு விலை வைக்கின்றன. கட்டுமானக் கம்பியின் கதை கொஞ்சம் வேறு. மழைக்காலத்தில் கட்டட வேலை குறைந்தால் அது இறங்கும். ஸ்பாஞ்ச் அயர்ன், ஸ்க்ராப், மின்கட்டணம் ஆகியவற்றைப் பொறுத்து ஏறும்.

இவற்றோடு அரசின் கையும் சேர்கிறது. 2020ஆம் ஆண்டின் நடுவில் டன்னுக்கு 40,000 ரூபாய்க்கும் கீழே இருந்த சூடுருட்டுச் சுருள் (ஹாட் ரோல்டு காயில்), 2022 ஏப்ரலில் 75,000 ரூபாயைத் தாண்டியது. அந்த மே மாதம் பல எஃகுப் பொருட்களுக்கு 15 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டதும் விலை சரிந்தது. நவம்பரில் அந்த வரி விலக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் மலிவு இறக்குமதியைத் தடுக்கத் தகட்டு எஃகுக்கு 12 சதவீதத் தற்காலிகப் பாதுகாப்பு வரி வந்தது. இந்த முடிவுகளைக் குறைகூற இம்மனு எழுதப்படவில்லை. ஆலைகள் பிழைத்தால்தான் எங்களுக்கும் சரக்கு. ஆனால் ஒரு பக்கம் வரியால் விலையை நகர்த்தும் அரசே, மறுபக்கம் தன் டெண்டரில் 'விலை நகரக் கூடாது' என்பது பொருந்தவில்லை.

அப்படிச் சொல்லவைக்கும் விதி 225 இடும் தடை இதுதான்: விநியோகக் காலம் 18 மாதத்தைத் தாண்டும் ஒப்பந்தங்களில் மட்டுமே, பொருள் விலை மாறினால் ஒப்பந்த விலையையும் மாற்ற இடம் தரும் விலை மாறுபாட்டு விதியைச் சேர்க்கலாம், மற்றவற்றில் விலை உறுதியாக நிற்க வேண்டும். சிறு கூடங்களுக்குக் கிடைக்கும் வேலைகளோ பெரும்பாலும் ஆறு மாதம், பத்து மாத வேலைகள். கணக்குக்காக 30 டன் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரும்பு டன்னுக்கு 60,000, கூலி, மின்சாரம், வெல்டிங் ராடு முதலியவை 25,000, லாபம் 5,000. டெண்டர் விலை 90,000. இரும்பு 15 சதவீதம் ஏறினால் கூடுதல் செலவு டன்னுக்கு 9,000, மொத்தம் 2,70,000 ரூபாய். மொத்த லாபமோ 1,50,000. வேலையை நல்லபடியாக முடித்தவர் கையிலிருந்து 1,20,000 ரூபாய் போட வேண்டும். நிறுத்தினாலோ தாமத அபராதம், பிணைத்தொகை இழப்பு, அடுத்த டெண்டரில் தகுதிச் சிக்கல்.

'விலை ஏறும் அபாயத்தையும் சேர்த்தே டெண்டர் போட வேண்டியதுதானே' என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். அப்படிச் சேர்த்தவருக்கு வேலை கிடைப்பதில்லை. குறைந்த விலைக்கே ஒப்பந்தம் என்ற முறையில், அபாயத்தை எண்ணிப் பார்க்காதவரே வெல்கிறார். பாதி வேலையில் திணறுபவரும் பெரும்பாலும் அவரே. எல்லோரும் எண்ணிச் சேர்த்தால் விலை ஏறாத ஆண்டிலும் அரசு அந்தக் கூடுதலைக் கொடுத்துத் தீர வேண்டும். 'முன்கூட்டியே சரக்கு வாங்கி வைக்கலாமே' என்பது இன்னொரு கேள்வி. 30 டன்னுக்கு 18 லட்சம் முடக்க வேண்டும், ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. பழைய பில்லுக்கே பணம் வராமல் காத்திருக்கும் கூடத்தால் ஆகிற காரியமல்ல.

வரவுசெலவுத் திட்டம் குலைந்துவிடும் என்ற அச்சம் இவற்றைவிடக் கனமானது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். விலை மாறுபாட்டு விதி இரு பக்கமும் வெட்டும். 2022 மே மாதத்துக்குப் பின் விலை இறங்கியபோது, பழைய உயர்ந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்திருந்தவர்கள் ஆதாயம் பெற்றிருப்பார்கள். இவ்விதி இருந்திருந்தால் அந்தப் பணம் அரசுக்குத் திரும்பியிருக்கும். இனி அத்தகைய ஆதாயத்தைத் திருப்பித் தர எங்கள் உறுப்பினர்கள் சம்மதிக்கிறார்கள். இது புதிய பரிசோதனையும் அல்ல. ரயில்வேயின் பணி ஒப்பந்த நிபந்தனைகளில் எஃகுக்கான விலை மாறுபாட்டுச் சூத்திரம் ஏற்கெனவே இருக்கிறது. அடிப்படை விலை நாள், உச்ச வரம்பு, எத்தனை சதவீதத்துக்கு மேல் கணக்கில் எடுப்பது, ஒப்பந்ததாரரின் தாமதத்துக்கு உயர்வு கிடையாது என்ற கட்டுப்பாடுகளையெல்லாம் விதி 225-உம் சொல்லிவிடுகிறது. கருவி தயாராக இருக்கிறது, 18 மாதம் என்ற வாசற்படிதான் உயரம்.

ஆகவே, எஃகின் பங்கு ஒப்பந்த மதிப்பில் பாதிக்கு மேல் உள்ள வேலைகளில் அந்த 18 மாதத்தை 3 மாதமாகக் குறைத்துத் திருத்தம் வெளியிட வேண்டுகிறோம். ஏற்றமோ இறக்கமோ 5 சதவீதம் வரை எங்கள் பாடு. அதற்கு மேல் எஃகின் பங்குக்கு மட்டும் சரிக்கட்டினால் போதும். மேற்சொன்ன கணக்கில் அரசு தர வேண்டியது 1,80,000; கூடத்துக்கு 60,000 லாபம் மிஞ்சும், அதாவது எண்ணியதில் பாதிகூட இல்லை. அளவுகோலாக எங்கள் பில்லை நம்ப வேண்டாம். பொருளாதார ஆலோசகர் அலுவலகம் மாதந்தோறும் வெளியிடும் மொத்த விலைக் குறியீட்டில் எஃகு வகைகளுக்குத் தனித்தனி எண் உண்டு. தற்காலிக எண்ணை வைத்துப் பில்லை வழங்கி, இறுதி எண் வந்ததும் நேர்செய்யலாம். திருத்தத்துக்கு நாளாகும் எனில், அதுவரை வாங்கும் துறையே இரும்பைக் கொடுத்து எங்களிடம் கூலி வேலை மட்டும் வாங்கும் முறையைச் சிறு கூடங்களுக்கான டெண்டர்களில் கட்டாயமாக்கக் கோருகிறோம்.

இது குறித்து நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
(சங்க உறுப்பினர்கள் சார்பாக)

இடம்: துவாக்குடி

நகல்: செயலாளர், எஃகு அமைச்சகம்; செயலாளர், நுண், சிறு மற்றும் நடுத்தரத் தொழில் அமைச்சகம், புது தில்லி.