ஒஸ்ரினா, மைனரா?

எமது கல்லூரியின் பழைய மாணவர் நால்வர் ஓரிடத்திற் கூடினால், ஊர்ப் புதினம் பேசி முடிந்ததும் ஒரு வழக்கு எழுவதுண்டு. ஒஸ்ரின் ஏ 40 சிறந்த காரா, மொறிஸ் மைனர் சிறந்த காரா என்பதே அவ்வழக்கு. இலக்கணம் படிப்பிக்கும் எமக்கு இயந்திரத்தில் என்ன அலுவல் என்று நண்பர்கள் நகைப்பர். நகைக்கட்டும், தீர்ப்புக் கூற எமக்கும் உரிமையுண்டு.

ஏட்டுக் கணக்கை முதலிற் பார்ப்போம். 1952 முதல் 1954 வரை வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற் 1200 சி.சி. இயந்திரமும் 42 குதிரைவலுவும் உடையது. 1956இல் வந்த மைனர் 1000 காருக்கு 948 சி.சி.யும் 37 குதிரைவலுவுமே உள. ஆகவே மைனர் பின்தங்கும் என்று எண்ணுவோர் ஏமாறுவர். அது இலேசான வண்டி. இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 70 மைல் என்ற எல்லையையே தொடும். வளைவுகளிலோ ஒஸ்ரின் அதற்கு ஈடாகாது. அலெக் இசிகோனிஸ் அதற்கு அமைத்த பற்சட்ட ஸ்ரேறிங், ஓட்டுபவர் நினைத்த கணத்திலேயே சில்லைத் திருப்பும். இன்னொரு வேடிக்கை: 1952இல் இரு கம்பனிகளும் ஒன்றானபின் மைனருக்குள் ஏறியது ஒஸ்ரினின் இயந்திரமே. வழக்காடுவோர் இதனை அறிந்தால் குரலைச் சற்றுத் தாழ்த்துவர்.

எனினும் நாம் ஒஸ்ரினின் பக்கமே நிற்கின்றோம். 1990இன் பின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, காபரேற்றருள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடாக்கி, பின்னர் மண்ணெண்ணெயிலேயே ஓட்டினர். அமுக்கம் மிகுந்தால் மண்ணெண்ணெய் காலமல்லாக் காலத்தில் வெடித்து இயந்திரத்தைத் தட்டவைக்கும். சொமர்செற்றின் அமுக்க விகிதம் 7.2, மைனர் 1000இனது 8.3. நூலில் இது ஒரு வரி. அன்று அதுவே பெரிய விடயம். மைனரும் ஓடிற்று, யார் இல்லையென்றார்? ஆயின் அதன் முன்சில்லைத் தாங்கும் மரைப்பூட்டுக்கு ஓயாது கிறீஸ் இடவேண்டும். தவறினால் தேய்ந்து சில்லே மடிந்துவிடும். கிறீஸ் கிடையாத நாட்களில் அது சிறிய குறையன்று.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நாம் மாணவர். அயலவர் ஒருவரின் சொமர்செற்றில், நடக்கமாட்டாத பாட்டியாரோடு ஒன்பது பேர் ஏறினோம். கூரைமேல் மூட்டைகள். மழையிலும் சனத்திரளிலும் நடையிலும் மெதுவாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஊர்ந்தோம். தனி இரும்புச் சட்டத்தின்மேல் அமைந்த அவ்வண்டி முனகியதேயன்றி நிற்கவில்லை. பாட்டியார் தென்மராட்சியிற் காலூன்றியபின், வண்டியின் மூக்கைத் தடவிக் கொடுத்தார். எமது தீர்ப்பு அவ்விடத்திலேயே எழுதப்பட்டது.

இன்று இவ்வண்டிகள் மெருகிடப்பட்டு மணமக்களை ஏற்றுகின்றன. அது நன்றே. ஆயின், சத்தத்தைக் கேட்டே வால்வின் பழுதைச் சொன்ன கராச்சுப் பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறைகின்றனர். அவர்தம் கைவேலை எந்த நூலிலும் ஏறவில்லை. விழா நினைவாக வளைவும் கல்வெட்டும் அமைக்க எண்ணும் பழைய மாணவர்களிடம் நாம் ஒன்று கேட்கின்றோம். பழைய ஏ 40 இயந்திரம் ஒன்றை வாங்கித் தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்குத் தாருங்கள். கழற்றிப் பூட்டக் கற்பிக்க ஒரு பெரியவர் ஆயத்தமாயிருக்கிறார். நாம் கேட்டுவிட்டோம்; சனிக்கிழமைகளில் வருவாராம்.