அயலாரே முதல் உறவினர்

பிழைப்பை நாடித் தமிழர்கள் திருவனந்தபுரம் வருவது நேற்று இன்று தொடங்கியதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் கடை வைத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை நாகர்கோவில்காரர்களுக்குத் தலைநகரமே இதுதான்.

இங்கு வந்து இறங்கும் தமிழர் முதலில் தேடுவது ஊர்க்காரரை. தங்க இடம் காட்டுவதும், வேலைக்குச் சொல்லிவிடுவதும், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கு வழி செய்வதும் ஊர்க்காரரே. ஊர்ச் சங்கங்களும் சமுதாயச் சங்கங்களும் செய்துவரும் உதவியைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

ஆனால், நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் என்ன செய்வது? நோயாளி பேட்டையில் இருப்பார். சங்கத்துக் காரியதரிசி நேமத்தில் இருப்பார். அவர் செய்தி அறிந்து புறப்படுவதற்குள், அடுத்த வீட்டு ஆட்டோ மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வாசலை அடைந்துவிடும். ஆபத்துக்கு ஊரும் சாதியும் தெரியாது. தூரம் மட்டுமே தெரியும்.

அப்படியிருந்தும், ஒரே சந்தில் ஐந்தாண்டு குடியிருந்தும் பக்கத்து வீட்டாரின் பெயரை அறியாத தமிழ்க் குடும்பங்கள் பல. காலையில் போய் இரவில் திரும்பும் வேலை ஒரு காரணம். மலையாளம் சரளமாக வராத கூச்சம் இன்னொரு காரணம். இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் நாகர்கோவில், திருநெல்வேலி பஸ் ஏறிவிடுகிறார்கள். “இங்கே எத்தனை நாள் இருக்கப் போகிறோம்?” என்ற எண்ணத்திலேயே இருபது ஆண்டுகள் ஓடிவிடுகின்றன.

தமிழிலும் மலையாளத்திலும் ‘அயல்’ என்ற சொல் உண்டு. மலையாளத்தில் ‘அயல்காரன்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். தமிழிலும் அப்பொருள் உண்டு. ஆனால் பேச்சு வழக்கில் ‘அயலான்’ என்பது அந்நியன் என்றே ஆகிவிட்டது. சொல்லில் நேர்ந்த இந்த மாற்றம் வாழ்க்கையிலும் நேரலாமா?

அயலாரின் ஒற்றுமை எவ்வளவு சாதிக்கும் என்பதற்குக் கேரளமே சாட்சி. 1998 மே மாதம் மலப்புறத்தில் பிரதமர் வாஜ்பாய் தொடங்கி வைத்த குடும்பஸ்ரீ திட்டத்தின் அஸ்திவாரம் ‘அயல்கூட்டம்’தான். அருகருகே வசிக்கும் 10 முதல் 20 பெண்கள் கூடுகிறார்கள். சிறு தொகை சேமிக்கிறார்கள். முடைப்பட்டவருக்கு அதிலிருந்தே கடன் தருகிறார்கள். கந்துவட்டிக்காரரிடம் போக வேண்டிய அவசியம் குறைகிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது உள்ளாட்சி மன்றங்கள் நடத்திய சமூகச் சமையலறைகளில் அடுப்பு மூட்டியவர்களில் இப்பெண்கள் முக்கியமானவர்கள். அங்கே சமைத்த உணவு வெளிமாநிலத் தொழிலாளருக்கும் போய்ச் சேர்ந்தது.

2018 ஆகஸ்டு வெள்ளத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிச் செங்கன்னூர்ப் பக்கம் போய், முன்பின் தெரியாதவர்களைக் கரைசேர்த்தார்கள். தொலைவில் இருப்பவரையே அயலாராக நினைத்த மனம் அது. ஒரே சுவருக்கு இப்புறமும் அப்புறமும் இருப்பவர்களுக்கு அந்த மனம் வருவது அத்தனை கடினமா?

“ஒட்டிப் பழகினால் கடன் கேட்பார்கள், வீட்டு விஷயம் வெளியே போகும்” என்று அஞ்சுவோர் உண்டு. இந்த அச்சம் முற்றிலும் பொய்யன்று. ஆனால், நல்ல அயல் உறவு என்பது எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பதல்ல. பெயர் அறிவது, போன் எண் கொடுத்து வைப்பது, கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போய் நிற்பது - இவ்வளவே போதும். தகவலும் இவ்வழியாகவே வந்து சேரும். தமிழ்நாட்டின் முன்னுரிமை ரேஷன் கார்டுக்குரிய தானியத்தை ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தின்படி கேரளத்திலும் வாங்கலாம்; 2020-லேயே இரு மாநிலங்களும் அதில் சேர்ந்துவிட்டன. இத்தகைய செய்தி ஒரு தொழிலாளிக்கு அரசாங்க உத்தரவைவிட அடுத்த வீட்டார் வாயிலாகவே விரைவில் எட்டும்.

குறை தமிழர்கள் பக்கம் மட்டுமில்லை. குடியிருப்போர் சங்கங்கள் சிலவற்றில் சொந்த வீட்டுக்காரரின் குரலுக்கே மதிப்பு. வாடகைக்கு இருப்போர் ‘இன்று இருந்து நாளை போகிறவர்’ எனக் கருதப்படுகிறார்கள். குடிநீர்த் தட்டுப்பாடும், குப்பையும், மழைக்கு நிரம்பும் ஓடையும் வாடகைச் சீட்டு பார்த்து வருவதில்லை. வாடகைக்கு இருப்போரையும் கூட்டத்திற்கு அழைத்து, சந்தா வாங்கி, உறுப்பினராக்குவதே நியாயம்.

ஊர்ப் பற்று வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊர்ச் சங்கத்துக்கு மாதத்தில் ஒரு ஞாயிறு என்றால், தெருச் சங்கத்துக்கும் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். வீட்டுப் பெண்கள் அயல்கூட்டத்தில் சேரும் வழியைப் பக்கத்து வீட்டாரிடமே விசாரிக்கலாம். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் அடுத்த வீட்டுக்குப் போகட்டும். ஓணத்தன்று அந்தக் கிண்ணம் பாயசத்தோடு திரும்பி வரும்.