காத்தாடி பிளேன் என்றால் இளக்காரமா?

சென்ற வருடம் மருதமுனையில் ஒரு கலியாண வீடு. மாலைதீவில் ஏ.டி.ஆர். விமானத்தில் துணை விமானியாக இருக்கும் எங்கள் உறவுக்காரப் பொடியன் லீவில் வந்திருந்தான். சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். கறிக் கோப்பையை நகர்த்திக்கொண்டே ஒரு பெரியவர் கேட்டார்: "இன்னும் காத்தாடி பிளேன்தானா மகன்? பெரிய பிளேன் எப்ப?" பிசைந்த சோற்றை அவன் அப்படியே வைத்துவிட்டான். "பாப்பம் மாமா" என்றான். அதற்குப் பிறகு அவன் கை சஹனுக்குள் போகவில்லை.

பெரியவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை ஊர் முழுக்க நம்புவதைத்தான் கேட்டார். ஜெட் ஓட்டுபவன்தான் விமானி. காத்தாடி சுற்றும் விமானம் கெட்டித்தனம் போதாதவன் தங்கும் மடம். கட்டாருக்கும் டுபாய்க்கும் பெரிய விமானத்தில் போய்வந்த ஊர் இது, அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் அது பிழை. பிள்ளைகளின் வாழ்க்கையோடு விளையாடும் பிழை.

காத்தாடி தெரிவதால் அதைப் பழைய சாமான் என்று நினைக்கிறோம். ஏ.டி.ஆர். 72-600 ரகம் சேவைக்கு வந்ததே 2011இல்தான். காத்தாடியைச் சுழற்றுவது டர்பைன் என்ஜின். எரிவதும் ஜெட்டுக்கு ஊற்றும் அதே எரிபொருள். எழுபது பேரை ஏற்றிக்கொண்டு குறுகிய தூரம் பறக்க ஜெட்டை விட மிகக் குறைவாக எரிபொருள் குடிக்கும். குறுகிய ஓடுபாதையிலும் இறங்கும். அதனால்தான் அது இன்னும் பறக்கிறது.

ஓட்டுவது இலகு என்று சொல்கிறவர்கள் இரண்டு விபத்துகளைப் படிக்கட்டும். 2015 பெப்ரவரி 4, தாய்பே. ஏறிய கையோடு ஒரு என்ஜின் வலுவிழந்தது. பதற்றத்தில் கெப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற என்ஜினை நிறுத்திவிட்டார். 43 பேர் மரணம். 2023 ஜனவரி 15, நேபாளத்துப் பொக்காரா. இறங்கப்போகும் நேரத்தில் ஒரு நெம்புகோலுக்குப் பதிலாக இன்னொன்றில் கை போனது. இரண்டு காத்தாடிகளும் உந்துவிசை இழந்தன. இருந்த 72 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இரண்டும் ஏ.டி.ஆர். 72. தானாக வேகத்தைச் சரிசெய்யும் கருவி அதில் இல்லை. கணத்துக்குக் கணம் கையும் கவனமும் வேண்டும். இதையா கெட்டித்தனம் போதாதவன் வேலை என்கிறோம்?

விமானி 90 நாளுக்குள் மூன்று தடவையாவது ஏற்றி இறக்கியிருக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. நெடுந்தூர ராட்சத விமானங்களில் இருப்பவர்களில் சிலர் அந்த மூன்றை நிரப்பவே சிமுலேட்டர் என்ற பயிற்சிக் கூண்டுக்குப் போகிறார்கள். தீவுக்குத் தீவு பறக்கிறவனுக்கு அந்த மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடும். மழையிலும் குறுக்குக் காற்றிலும் இறக்கிப் பழகிய கை அது. பெரிய நிறுவனங்கள் பலவற்றில் பதவி உயர்வு பணிமூப்பு வரிசைப்படிதான். துணை விமானியின் வலப்பக்க இருக்கையில் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். சிறிய விமானத்தில் பெரும்பாலும் முன்னதாகவே கெப்டனாகலாம். பொறுப்பேற்று ஓட்டிய மணித்தியாலங்களுக்கு எந்த நாட்டிலும் மதிப்புண்டு.

பெரிய விமானம்தான் நிலையான உத்தியோகம் என்பார்கள். ஏ380ஐ விடப் பெரிய பயணிகள் விமானம் இல்லை. 2020 மே மாதம் ஏர் பிரான்ஸ் தன்னிடமிருந்த ஏ380 எல்லாவற்றையும் ஒரேயடியாக ஓய்வில் அனுப்பியது. 2021 டிசம்பரோடு அதன் உற்பத்தியும் நின்றது.

நம் பக்கத்தையே பாருங்கள். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது சென்னையிலிருந்து வந்திறங்கியது ஏ.டி.ஆர். விமானம். 2018இல் உள்ளூர்ச் சேவைக்குத் திறந்த மட்டக்களப்புக்கு வந்துபோனது ஒற்றை என்ஜின் செஸ்னா. இரவு பஸ்ஸில் விடிய விடியக் குலுங்கிக் கொழும்புக்குப் போகிற நமக்கு என்றைக்காவது ஒழுங்கான விமானச் சேவை கிடைத்தால் அதுவும் காத்தாடியில்தான் வரும்.

ஜெட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் அங்கே கூடுதல். வளைகுடா நிறுவனங்கள் சில ஜெட் அனுபவத்தையே கேட்கும். நேரம் வரும்போது மாறட்டும். என் கோபம் வேறு இடத்தில். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து, கையில் கிடைத்த ஏ.டி.ஆர். வேலையை உதறிவிட்டு, சொந்தக் காசில் ஏ320 ஜெட் பயிற்சி எடுத்து, வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். உம்மாவின் சீதன வளவு ஈட்டில் போயிருக்கிறது. பயிற்சித் தாள் பிளாஸ்டிக் உறையில் அலுமாரிக்குள் கிடக்கிறது. விமானம் ஓட்டாத ஒவ்வொரு மாதமும் அந்தத் தாளின் பெறுமதி குறைகிறது.

வாப்பாமாரே, விமானம் எவ்வளவு பெரிது என்று கேட்பதை விடுங்கள். கெப்டனாக எத்தனை வருடம் பிடிக்கும், ஒப்பந்தம் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள். விமான நிறுவனத்தின் நியமனக் கடிதம் கைக்கு வராமல், ஜெட் பயிற்சிக்கென்று காணி உறுதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.