கணக்கைக் கோலா கெத்திலில் வாசியுங்கள்

பாலிங் மாவட்ட மன்றம் ஆண்டு முடிவதற்குள் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தைத் தயாரித்து மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியாக வேண்டும். கோலா கெத்தில் பட்டணத்தின் கால்வாய், தெருவிளக்கு, பொது மண்டபம், சிறுவர் திடல் எல்லாம் அந்தத் தாள்களுக்குள்தான் அடங்கியிருக்கின்றன. மதிப்பீட்டு வரி ரசீதைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த வரி எங்கே போகிறது, அதோடு வெளியிலிருந்து வந்து சேர்ந்த பணம் எவ்வளவு என்ற கணக்கைக் கண்ணால் பார்த்த குடும்பம் எது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

இந்தத் திட்டம் அலோர்ஸ்டாருக்குப் போகுமுன் கோலா கெத்திலில் பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்கப்பட வேண்டும். இதற்காக நாடாளுமன்றம் புதிதாக எதையும் நிறைவேற்ற வேண்டியதில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்கும் என்கிறது. மூட வேண்டுமானால் மன்றம் அந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் போட வேண்டும். குழுக் கூட்டங்களுக்கு இந்த விதி பொருந்தாது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும் என்பது ஊருக்கே தெரியும். அதனால்தான் முழு மன்றக் கூட்டத்தையாவது மக்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறோம்.

மன்றத்துக்குப் பணம் வரும் வழி இரண்டு. மதிப்பீட்டு வரி, கடை உரிமக் கட்டணம், வாடகை, அபராதம் ஆகியவை உள்ளூரில் திரட்டுபவை. 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநிலம் வழியாகக் கூட்டரசு தரும் மானியம் மற்றொன்று. சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலையும் பேரங்காடியும் வரி கட்டுகின்றன. கோலா கெத்திலில் இருப்பதோ கடைவரிசையும் தாமான் வீடுகளும். இப்படிப்பட்ட ஊரில் முதல் வழி சீக்கிரம் வறண்டுவிடும். மன்றம் மானியத்தை நம்பியே நிற்கும். மானியமோ தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நம் மக்கள் விடுபட்டுப் போவது அந்தக் கணக்கில்தான்.

சாலையையே எடுத்துக்கொள்வோம். கூட்டரசு அரசியலமைப்பின் 109-ஆவது விதி மாநிலங்களுக்குச் சாலைப் பராமரிப்பு மானியம் தருகிறது. எந்தச் சாலைக்கு, எத்தனை கிலோமீட்டருக்கு என்பதை மாரிஸ் என்னும் சாலைப் பதிவேடு சொல்கிறது. பதிவேட்டில் ஏறிய சாலைக்குப் பணம் வரும். ஏறாத சாலைக்கு ஒரு காசும் வராது. தோட்டச் சாலை தனியார் நிலத்தில் கிடப்பதால் பதிவேட்டில் ஏறுவதில்லை. பள்ளிப் பேருந்து அந்தச் சாலையில்தான் தினமும் ஓடுகிறது, மழைக்காலத்தில் ஆம்புலன்ஸ் அந்தச் சேற்றில்தான் சிக்குகிறது. அரசின் கண்ணில் மட்டும் அப்படி ஒரு சாலையே இல்லை. மன்றத்தைக் கேட்டால் தோட்ட நிர்வாகத்தைக் காட்டும். நிர்வாகம், வீட்டில் இருப்பவர் இப்போது எங்கள் தொழிலாளி இல்லையே என்னும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் இருந்தது. துரைமார் காலத்துத் தோட்டத்தில் நிர்வாகமே அரசாங்கம். லயம், குழாய்த் தண்ணீர், ஆயாக் கொட்டகை, டிரெஸ்ஸர், கோயிலுக்கு ஒரு துண்டு நிலம், இடுகாடு எல்லாம் அதன் கையிலிருந்து வந்தன. கள்ளுக்கடையும் அங்கிருந்துதான் வந்தது என்பதை மறந்துவிட்டு அந்தக் காலத்துக்காக ஏங்க வேண்டாம். 1990-இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், குறைந்தபட்ச வசதிகளைச் செய்து தரும் பொறுப்பை முதலாளியின் தலையில் வைத்தது. வேலையில் இருக்கும்வரை அது சரி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் குறைந்தது, தோட்டங்கள் கைமாறின, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். பத்து பெக்காக்கா தோட்டத்தின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையிலும் நிற்கிறது. அதுபோன்ற தோட்டங்களில் பிறந்தவர்கள் பெரும்பாலும் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். போக வழியில்லாத முதியவர்கள்தான் முதலாளியின் பொறுப்புக்கும் மன்றத்தின் பொறுப்புக்கும் நடுவே கிடக்கிறார்கள். கம்பத்து மக்களுக்குக் கிராம மேம்பாட்டு நிதி கிடைத்த காலங்களிலும், தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால் தோட்டப்புறம் ஓரமாகவே நிறுத்தப்பட்டது.

ஊரில் எந்தச் சேவை யாருடையது என்பதும் தெளிவாக இல்லை. 2011-இல் திடக்கழிவுச் சட்டம் நடப்புக்கு வந்த மாநிலங்களில் கெடாவும் ஒன்று. இங்கே குப்பை அள்ளுவது இ-இடாமான் நிறுவனம். ஆறு வடிகால் நீர்ப்பாசன இலாகாவுடையது, பெரிய சாலை பொதுப்பணி இலாகாவுடையது. கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலந்து கோத்தா கோலா மூடாவில் கடலைத் தொடுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்த கரை அது. அந்த மீனவக் கிராமங்களிலும் இதே கதைதான்: படகுத்துறை ஒரு வாரியத்திடம், கழிமுகம் ஓர் இலாகாவிடம், விளக்குக் கம்பம் வேறொருவரிடம். மேட்டிலானாலும் கரையிலானாலும், இந்த ஆண்டு உங்கள் ஊருக்கு மொத்தம் இவ்வளவு செலவானது என்று ஒரே இடத்தில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

2022 ஜூலை 4 அன்று இனாஸ் மலைப் பக்கத்திலிருந்து மரக்கட்டைகளையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு வந்த வெள்ளம் இதே பாலிங் மாவட்டத்தின் குப்பாங் வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. மூன்று பேர் இறந்தார்கள். மலைச்சரிவில் காடு அழித்துத் தோட்டம் போட்டதைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம்; பேச வேண்டியதுதான். ஆனால் ஆற்றோரக் கால்வாய்களுக்கும் எச்சரிக்கை ஒலிபெருக்கிக்கும் மக்கள் தங்கும் மண்டபத்துக்கும் அடுத்த ஆண்டுகளில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று எந்தக் கூட்டத்தில் கேட்டோம்? மூடா ஆற்றுத் தண்ணீருக்காகப் பினாங்கு ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்டு வருகிறது. யார் பக்கம் நியாயம் என்பது தனி வழக்கு. அந்தப் பணம் நாளையே வந்தாலும் ஆற்றங்கரைப் பட்டணங்களின் கால்வாய் வரை வந்து சேருமா என்பதுதான் நமக்கு முக்கியம்.

இந்த நிலை தானாக வந்ததல்ல. ஊராட்சி மன்றங்களுக்கு மக்களே உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த காலம் இந்நாட்டில் இருந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் அந்தத் தேர்தல்களை நிறுத்தினார்கள். அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் முடிந்த அவரது அறிக்கை, தேர்தலைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன முறையை நிலைநாட்டியது: மாநில அரசு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை நியமிக்கலாம். பினாங்கு தானாகத் தேர்தல் நடத்த 2012-இல் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்றுவிட்டது. ஆதி நாகப்பன் பெயரைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம், அவர் சொன்ன யோசனையை மட்டும் எந்தக் கட்சி மாநாட்டிலும் வற்புறுத்துவதில்லை. தேர்தல் வரும் நாளில் வரட்டும். அதுவரை கணக்கையாவது காட்டச் சொல்லலாம் அல்லவா?

ஏழை மன்றத்திடம் கணக்குக் கேட்டு என்ன ஆகப்போகிறது, சம்பளம் போக மிஞ்சுவதே கொஞ்சம் என்பார்கள். பணம் கொஞ்சமாக இருக்கும்போதுதான் எதை முதலில் செய்வது என்பதில் மக்களின் சொல் எடுபட வேண்டும். நுழைவாயில் வளைவா, கால்வாய் மூடியா என்பதைப் பணக்கார மன்றம் தள்ளிப் போடலாம், இரண்டையும் கட்டிவிடலாம். ஏழை மன்றத்தால் முடியாது. கூட்டம் போட்டால் சச்சரவுதான் மிஞ்சும் என்ற பயத்துக்கும் பக்கத்து மாநிலத்திலேயே பதில் உண்டு. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012-இல் நகராண்மைக் கழகங்களோடு சேர்ந்து, ஜாலான் சுங்கை, அம்பாங்கான் அடுக்குமாடி மக்களிடம் ஆண், பெண், முதியவர், இளையவர் எனத் தனித்தனியே தேவைகளைக் கேட்டது. அவற்றில் எது முதலில் என்பதையும் அவர்களே வாக்களித்துச் சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என ஆண்டுக்குப் பலமுறை கிராம சபை கூடி ஊராட்சி வரவு செலவை வாசிக்கிறது. சில ஊர்களில் அது வெறும் கையெழுத்துச் சடங்காகிவிட்டது உண்மை. ஆனாலும் அங்கே ஒரு கிழவி எழுந்து குடிநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். நமக்கு அந்தக் கூட்டமே இல்லை.

நம் சங்கங்களையும் ஆலய நிர்வாகங்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். சட்டமன்ற உறுப்பினர் மண்டபத்துக்கு வந்து ஆளுயர மாதிரிக் காசோலையைத் தூக்கிப் பிடித்தால் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பணம் அடுத்த ஆண்டு வருமா என்பது அவர் கட்சியையும் அவர் மனநிலையையும் பொறுத்தது. மன்றத்தின் வரவு செலவில் ஏறிய ஒரு வரி, ஆள் மாறினாலும் அடுத்த ஆண்டு கேள்வி கேட்கத் தடயமாக நிற்கும். மானியத்துக்கு மனு எழுதத் தெரிந்த செயலாளர்களுக்கு மன்றத்தின் கூட்டத் தேதியைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுவது பெரிய காரியமில்லை.

மாவட்ட மன்றம் செய்ய வேண்டியவை மூன்று. வரைவுத் திட்டத்தை ஊர் வாரியாகப் பிரித்து இரண்டு பக்கத்தில் அச்சிட்டுக் கடைவீதியில் ஒட்டட்டும். அதை ஒப்புக்கொள்ளும் முழு மன்றக் கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையாவது கோலா கெத்திலில் நடத்தட்டும். பள்ளிக்கோ இடுகாட்டுக்கோ போகும் தோட்டச் சாலைகளை நில உரிமையாளர்களிடமிருந்து பெற்றுப் பதிவேட்டில் ஏற்றும் பேச்சை மாநில அரசோடு தொடங்கட்டும். மூன்றாவதற்கு ஆண்டுகள் பிடிக்கும், உரிமையாளர்கள் எளிதில் இணங்கமாட்டார்கள் என்பது நமக்கும் தெரியும். முதல் இரண்டுக்கும் செலவு ஒரு நோட்டீசும் ஒரு வாடகை மண்டபமும்தான். கூட்டம் கூடும் நாளில் மக்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: போன ஆண்டு கோலா கெத்திலுக்கென ஒதுக்கியதில் செலவாகாமல் திரும்பிப் போன தொகை எவ்வளவு, அது எந்த வேலைக்காக ஒதுக்கியது?