"லினக்ஸ் போடு" எண்டு சொன்னால் மட்டும் காணாது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோட வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிஞ்சுது. வின்டோஸ் 11 கேட்கிறது டிபிஎம் 2.0, இன்டெல் சிப் எண்டால் 8ஆம் தலைமுறையாவது வேணும். தலைமன்னாரில இருந்து முருங்கன் வரைக்கும் வீடுகளிலயும் ரியூசன் கொட்டில்களிலயும் இருக்கிற பழைய கொம்பியூட்டர்களை என்ன செய்யிறது? "வீசிப்போட்டுப் புதுசு வாங்கு" எண்டுறவையோட எங்களுக்குப் பேச்சில்லை. "லினக்ஸ் போடு, எல்லாம் சரி" எண்டுறவை எங்கட ஆக்கள். அதாலதான் அவையோட சண்டை பிடிக்கிறம்.

லினக்ஸ் எந்தப் பழைய பெட்டியிலயும் ஓடும் எண்டது இப்ப உண்மையில்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதினது 386 சிப் உள்ள கணினியில். 2013இல் வந்த 3.8 கேர்னலில் அந்த 386க்கே இடமில்லை. உபுண்டு 2017இல் 32 பிட் டெஸ்க்டொப்பைக் கைவிட்டது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13க்கும் 32 பிட் பிசிக்கான நிறுவி இல்லை. அதுக்காகப் பயப்படவும் தேவையில்லை. 32 பிட் வின்டோஸ் ஓடுது எண்டதால சிப்பும் 32 பிட் எண்டு அர்த்தமில்லை. கோர் 2 டுவோ சிப்புகள் எல்லாம் 64 பிட்தான். முதல்ல பாருங்கோ, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கோ.

அடுத்தது வைஃபை. பிராட்கொம் சிப் உள்ள பல பழைய மடிக்கணினிகளுக்குத் தனி ஃபேர்ம்வெயார் வேணும். அதை மற்றவை விநியோகிக்க உரிமை இல்லை. இணையத்தில இருந்துதான் இறக்க வேணும். இணையம் வர வைஃபை வேணும், வைஃபை வர இணையம் வேணும்! பேசாலையில ஒரு பிள்ளையிட்ட இருக்கிறது அப்பாவின்ர ஃபோன் டேட்டா மட்டும். அந்த ஃபோனை யூஎஸ்பி வயரால கொழுவி டெதரிங் போட்டால் அலுவல் முடியும். அதை ஆர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தது?

சிலது லினக்ஸின்ர பிழையே இல்லை. மதர்போர்டில இருக்கிற 2032 பற்றரி செத்தால் கடிகாரம் வருசக்கணக்கில பின்னுக்குப் போகும். உடனே பிரவுசர் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், அப்டேட்டும் ஏறாது. எங்கட உப்புக்காத்தில ரேமின்ர முனை கறுத்தால் பெட்டி தொடங்காமலே போகலாம். பற்றரியை மாத்துங்கோ, ரேமைக் கழட்டித் துடையுங்கோ. லினக்ஸைத் திட்டுறது பிறகு.

சிப்பின்ர விபரங்களைப் பூட்டி வைக்கிற கம்பனிகள் முதல் குற்றவாளிகள். இங்க வந்து ஒரு நாள் பட்டறை வைச்சு, லினக்ஸ் போட்டு, படமெடுத்து, பின்னேரமே போறவையும் சும்மா இல்லை. அடுத்த கிழமை பிரிண்டர் வேலை செய்யாட்டி, பிள்ளை டிரைவரைக் குறை சொல்லாது. "இது ஏழைகளுக்குத் தள்ளிவிடுற சாமான்" எண்டு நினைச்சு, களவு வின்டோஸுக்குத் திரும்பிப் போகும்.

ஆகவே ஒண்டு கேட்கிறம். நிறுவ முதல் யூஎஸ்பியில இருந்து ஓட்டிப் பாருங்கோ. திரை, சத்தம், வைஃபை, பிரிண்டர், தமிழ் விசைப்பலகை ஐந்தையும் சோதியுங்கோ. எது வேலை செய்யும், எது செய்யாது எண்டு தாளில எழுதிப் பெட்டியில ஒட்டுங்கோ. அது இல்லாமல் குடுக்கிற கொம்பியூட்டரை அன்பளிப்பு எண்டு நாங்கள் சொல்ல மாட்டம்.