ட்ரோன் எங்கே நிற்கிறது? செல்போன் காட்டும் புள்ளியை நம்பலாமா?

நெல்லிக்குப்பம் என்றதும் நினைவுக்கு வருவது கரும்பு. கடலூருக்கும் பண்ருட்டிக்கும் நடுவே உள்ள இந்த ஊரில் 1840-களிலேயே பாரி கம்பெனி சர்க்கரை ஆலை அமைத்தது. இன்றும் சுற்று வட்டாரம் எங்கும் கரும்புக் கொல்லைதான்.

கரும்பு ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால் உள்ளே புகுந்து மருந்து அடிப்பது பெரும் பாடு. சோகை முகத்தைக் கிழிக்கும். முதுகில் டேங்க் கனக்கும். மருந்து நெடி மூக்கில் ஏறும்.

இந்தத் தொல்லை தீர வந்திருப்பதுதான் ட்ரோன். ஆள் ஏறாமல் பறக்கும் சிறிய விமானம் இது. சுமார் 10 லிட்டர் மருந்தைச் சுமந்துகொண்டு, ஒரு ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்.

2023 நவம்பரில் மத்திய அரசு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் பெயர் 'நமோ ட்ரோன் திதி'. 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுப்பது அதன் நோக்கம். விலையில் 80 சதவீதம் மானியம். அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய். மீதித் தொகையைக் குழுவினர் கடனாகப் பெறலாம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். ட்ரோன் பறக்காமல் நின்றால் மருந்து அடிக்கும் பருவம் தப்பிவிடும். கடன் தவணை மட்டும் தவறாமல் வந்து நிற்கும்!

எந்தக் கண்ணி அறுந்தது?

"ஆப்பில் ஒன்றும் தெரியவில்லை" என்றதும் பலர் ட்ரோனே கெட்டுவிட்டது என்று பயந்துவிடுகிறார்கள். பயம் வேண்டாம்.

இது ஒரு சங்கிலி. ட்ரோன் ரேடியோ அலை மூலம் கையில் உள்ள ரிமோட்டுடன் பேசுகிறது. ரிமோட் செல்போனுடன் பேசுகிறது. செல்போனில் உள்ள ஆப் நமக்குக் காட்டுகிறது.

ட்ரோனும் ரிமோட்டும் சேர்ந்துவிட்டதாக விளக்கு காட்டுகிறதா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் ரிமோட்டுக்கும் செல்போனுக்கும் நடுவில்தான். முதலில் ஒயரை மாற்றிப் பாருங்கள். சில ஒயர்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், தகவலைக் கடத்தாது. பிறகு, ஆப் கேட்கும் அனுமதிகளைக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். ஆப்பை மூடித் திறந்து பாருங்கள்.

விளக்கே சரியாக எரியவில்லை என்றால், இரண்டின் பேட்டரியையும் பார்த்துவிட்டு மறுபடி இணைக்க வேண்டும்.

நான்கு மணி ஓசை

இணைப்பு கிடைத்துவிட்டது. ஆனால் ட்ரோன் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி எங்கேயோ நிற்கிறது. ஏன்?

தூரத்துக் கோவிலில் சரியாக ஆறு மணிக்கு மணி அடிக்கிறார்கள். ஓசை உங்கள் காதுக்கு வரச் சிறிது நேரம் ஆகும். அந்தத் தாமதத்தை வைத்துக் கோவில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போடலாம் அல்லவா? ஜி.பி.எஸ். வேலை செய்வதும் இப்படித்தான். சுமார் 20,200 கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரலாவது கேட்டால்தான் ட்ரோனுக்குத் தன் இடம் சரியாகத் தெரியும்.

தகரக் கொட்டகையிலும் மரத்தடியிலும் அந்தக் குரல் சரியாகக் கேட்காது. வானம் தெரியும் வெளியில் வைத்துச் சிறிது நேரம் காத்திருங்கள்.

வேறு காரணங்களும் உண்டு. கிராமத்தில் இணையம் கிடைக்காவிட்டால் பின்னால் உள்ள வரைபடம் வெறுமையாகத் தெரியும். ட்ரோன் தொலைந்துவிட்டது என்று பொருள் அல்ல. செல்போன் இருக்கும் இடத்தையும் ட்ரோன் இருக்கும் இடத்தையும் இரண்டு புள்ளிகளாகக் காட்டும் ஆப்புகளும் உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முகம் திரும்பிக் காட்டினால் திசைகாட்டியைச் சந்தேகியுங்கள். டிராக்டர், இரும்புக் கம்பி இவற்றின் அருகில் திசைகாட்டி தடுமாறும். தள்ளி வந்து, ஆப் சொல்லும்படி ட்ரோனைச் சுழற்றித் திசையைச் சரிசெய்ய வேண்டும்.

அவசரப்பட்டால் ஆபத்து

ட்ரோன் கிளம்பும் இடத்தை 'வீடு' என்று குறித்துக்கொள்ளும். இணைப்பு அறுந்தால் அங்கேதான் திரும்பி வரும். அந்தக் குறிப்பு தவறாக இருந்தால் பக்கத்துக் கொல்லையில் இறங்கலாம், மின்கம்பியில் மாட்டலாம். ஆகவே, வீட்டுப் புள்ளி சரியாக விழுந்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். திரும்பும் உயரமும் பனை மரத்துக்கும் மின்கம்பிக்கும் மேலாக இருக்கட்டும்.

இது சட்டப் பிரச்சினையும்கூட. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது. எங்கே பறக்கிறோம் என்று தெரியாதவர் எந்த நிறத்தில் பறக்கிறோம் என்று எப்படி அறிவார்?

யார் உதவுவது?

அறிவுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சம் இல்லை. குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக ட்ரோன் ஆராய்ச்சி நடத்துகிறது. 2022-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்று தனிக் கழகமே அமைத்தது.

அந்த அறிவு கரும்புக் கொல்லை வரை வந்து சேர வேண்டும். ஆப்பின் எச்சரிக்கைகள் தமிழில் வர வேண்டும். பழுது பார்ப்பவர் பக்கத்து ஊரிலாவது இருக்க வேண்டும். ட்ரோன் வாங்க மானியம் கொடுப்பது பாதி வேலை. அது நின்றுபோன அன்று யாரிடம் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பதுதான் மீதிப் பாதி.